சுளைகளுக்கு நடுவே நார்

மரங்களும் மிருகங்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பலா இப்போது போல அடிமரத்தில் காய்க்கவில்லை. மாமரம் மாதிரி, வேப்பமரம் மாதிரி, கிளை நுனியில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஒவ்வொரு பூவும் தனித்தனிப் பிள்ளை. ஒவ்வொரு பிள்ளையும் விரல் நீளத்துக்கு ஒரு பழமாகும். முள் கிடையாது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. உள்ளே ஒரே ஒரு சுளை, அதற்குள் ஒரே ஒரு கொட்டை. காற்றடித்தால் அத்தனை பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே ஆடும்.

ஒரு மலைச்சரிவில், மூங்கில் புதருக்குப் பக்கத்தில், ஓர் இளம் பலாமரம் இருந்தாள். அவளுக்கு அந்த வருஷம்தான் முதல் பூ. பூ வந்த நாளிலிருந்து அவள் ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. அசைத்தால் ஏதாவது உதிர்ந்துவிடுமோ என்று பயம்.

பக்கத்தில் நின்ற மாமரம் பல பூ பூத்துப் பழகியவள். அவளுக்கு இதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

"அடியே பலா, ஏன்டி இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிற? கிளை சுளுக்கிக்கப்போகுது."

"பிள்ளைக விழுந்துட்டா என்னக்கா பண்றது?"

"விழத்தான் செய்யும். என் பூவுல பாதி பனியில கருகும். மிச்சத்துல பாதி காத்துல போகும். ஒண்ணொண்ணுக்கும் அழுதுக்கிட்டிருந்தா நான் என்னைக்கோ பட்டுப்போயிருப்பேன்."

இதைச் சொல்லிவிட்டு மாமரம் வழக்கம் போலக் கிளையை உதறிக்கொண்டாள். கொஞ்சம் பிஞ்சுகள் பொலபொலவென்று விழுந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்படி முடிகிறது இவளால்?

பூக்கள் பிஞ்சாகிப் பச்சைக் காயான சமயம், ஒரு காலையில் குரங்குக் கூட்டம் வந்தது. முன்னால் வந்த மந்தியின் வயிற்றை அதன் குட்டி இறுக்கிப் பிடித்திருந்தது. பலாவுக்கு அதைப் பார்த்ததும் பயம் பாதி போய்விட்டது. இவளும் பிள்ளைக்காரிதானே என்று நினைத்தாள்.

"வாங்க மதினி. என்ன இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல மதினி. புள்ளைக்கு ஒரு பழம் பாக்கலாம்னு வந்தேன்." மந்தி மரியாதையாகத்தான் பேசியது. பேசிக்கொண்டே நுனிக்கிளையில் ஏறி, ஒரு பிஞ்சைப் பறித்து, ஒரு கடி கடித்தது. "த்தூ. புளிக்குது." கீழே போட்டது.

"மதினி, அது இன்னும் பழுக்கல..."

"அதான் பாத்தேன். இது பழுத்திருக்கும்." அடுத்ததைப் பறித்தது. கடித்தது. துப்பியது. "இதுவும் புளிப்பு. அந்தக் கொத்து எப்படி?"

"எதுவுமே பழுக்கல மதினி! உங்க காலைப் பிடிக்கிறேன்!"

"பாத்தாத்தானே தெரியும்?" என்றது மந்தி. கோபமே இல்லை அதன் குரலில். கடைக்காரனிடம் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் குரல் எப்படி இருக்குமோ அப்படி. கூட்டத்தில் இருந்த மற்றக் குரங்குகளும் ஆளுக்கொரு கிளையில் ஏறின. வெயில் உச்சிக்கு வருவதற்குள் எந்தக் கொத்திலும் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் தரையில் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி.

போகும்போது மந்தி திரும்பிச் சொன்னது: "வீணா ஏறி இறங்கினதுதான் மிச்சம். அடுத்த வருஷம் நேரத்தோட பழுக்க வைங்க மதினி."

பலா பேசவில்லை. அன்று பேசவில்லை, மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை. மாமரம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பலா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தரையில் கிடந்தவை கறுத்து, சுருங்கி, மண்ணோடு மண்ணாகிப்போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பூக்காலம் வந்தது. மொட்டுகள் கிளை நுனியை நோக்கி ஓடத் தொடங்கியதும் பலா முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

"அங்க போகாதீங்க. எல்லாரும் கீழ இறங்குங்க."

"எங்கடி வச்சுக்கப்போற?" மாமரத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் மேலேயே. என் உடம்போட."

அடிமரத்தில், பட்டையைக் கிழித்துக்கொண்டு, தடித்த விரல் மாதிரி ஒரு தண்டை வெளியே நீட்டினாள். அந்தத் தண்டைச் சுற்றி எல்லா மொட்டுகளையும் நெருக்கி நெருக்கி உட்கார வைத்தாள். இவள் தோளில் அவள் முதுகு, அவள் மடியில் இன்னொருத்தி தலை. அப்புறம் எல்லோரையும் சேர்த்து ஒரே தோலால் போர்த்தினாள். அப்படி ஒரு காரியத்தை அதுவரை எந்த மரமும் செய்ததில்லை.

உள்ளே ஒரே கூச்சல்.

"அம்மா, இருட்டா இருக்கு!"

"அம்மா, இவ முழங்கை என் கண்ணுல குத்துது!"

"நான் ஒண்ணும் குத்தல, நீதான் என் இடத்துல உக்காந்திருக்க!"

"சத்தம் போடாதீங்க," என்றாள் பலா. "கொஞ்ச நாள்தான். பத்திரமா இருப்பீங்க."

அப்போது மேல்கிளையிலிருந்து ஒரு சின்ன ஈ இறங்கி வந்தது. கொசுவைவிடச் சிறியது. பலாவின் மேல்கிளையில் ஆண்பூக்கள் கதிராக நிற்கும். அந்தக் கதிரின் மஞ்சள் தூளை எடுத்துவந்து பெண்பூக்களுக்கு வைப்பதுதான் அதன் வேலை. உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு அது போர்வையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னம்மா இது? வாசலே இல்லாம வீடு கட்டியிருக்க?"

"வாசல் வச்சா வர்றவங்க எல்லாம் வந்துருவாங்க."

"நான் வரணும்ல? ஒவ்வொருத்திக்கும் தூள் வைக்கணும். தூள் படாதவளுக்குக் கொட்டை பிடிக்காது, சதையும் வைக்காது. போன வருஷமும் நான்தானே வச்சேன்?"

பலா யோசித்தாள். அப்புறம் தோலில் ஊசி முனை அளவுக்கு, பிள்ளைக்கு ஒன்றாக, துளைகள் விட்டாள். "நாக்கு நுனியை மட்டும் வெளிய நீட்டுங்க," என்றாள் பிள்ளைகளிடம். "அதுக்கு மேல ஒரு மயிரிழைகூட வரக்கூடாது."

போர்வை முழுக்கச் சின்னச் சின்ன நாக்குகள் நீட்டிக்கொண்டன.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள் பலா.

"பொழுது சாயறவரைக்கும் பொறுத்துக்கோ. ஒருத்தி விடாம வச்சிடறேன்." ஈ வேலையைத் தொடங்கியது. சும்மா இருக்கத் தெரியாத ஈ அது. "இவளுக்கு நாக்கு நீளம். போற இடத்துல மாமியார் பாடு திண்டாட்டம். இவ என்ன, நீட்டவே வெக்கப்படுறா? இந்தா, பிடி. ஏய், கடிக்காத!"

உள்ளே பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தூள் பட்டவள் ஒவ்வொருத்தியும், "எனக்கு வந்துருச்சு, எனக்கு வந்துருச்சு!" என்றாள். பலாவுக்கும் சிரிப்பு வந்தது. கடித்துப்போட்ட காய்களைப் பார்த்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

உச்சி வெயில் தாண்டியது. ஈ தண்டின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் திரும்பியது.

அந்த நேரத்தில் மூங்கில் புதரில் மடாரென்று ஒரு சத்தம்.

பலாவின் உடம்பு முழுக்க விறைத்துப்போனது. "யாரது?"

"யாரும் இல்ல. மூங்கில் காத்துல உரசுது," என்றது ஈ, தலை நிமிராமல்.

"இல்ல, வர்றாங்க. கூட்டமா வர்றாங்க."

"நான் இங்கேருந்து பாக்கறேன்டி!" மாமரம் கத்தினாள். "குரங்கு இல்ல, கரடி இல்ல, ஒரு அணில்கூட இல்ல! வெறும் காத்து!"

இன்னொரு தடவை மடார் என்றது.

பலா மூடிவிட்டாள். அத்தனை துளைகளையும், ஒரே இழுப்பில்.

நீட்டியிருந்த நாக்குகளை உள்ளே இழுத்துக்கொள்ள யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. நுனிகள் தோலில் மாட்டி அப்படியே நின்றன. பிறகு ஈ தோலில் முட்டி முட்டித் தட்டியது.

"அம்மா! என்னம்மா பண்ணிட்ட! திற! பாதிப் பேர் பாக்கி இருக்காங்க!"

"நாளைக்கு வா."

"நாளைக்குத் தூள் இருக்காதும்மா! கதிரு இன்னிக்கு ராத்திரியே கறுத்து விழுந்துரும். உனக்குத் தெரியாதா? தயவுபண்ணித் திற!"

உள்ளேயிருந்தும் குரல் வந்தது. "அம்மா, எனக்கு இன்னும் வரல." "எனக்கும் வரலம்மா." "நான்தான் அடுத்தவ, எனக்கு மட்டும் வச்சிட்டு மூடும்மா."

"சும்மா இருங்க," என்றாள் பலா. "உயிரோட இருக்கீங்கல்ல? அது போதும்."

பொழுது சாயும்வரை ஈ தட்டிப் பார்த்தது. கடைசியில் மிச்சத் தூளை உதறிவிட்டுப் போனது. மறுநாள் விடிந்தபோது ஆண்கதிர் கறுத்துத் தரையில் கிடந்தது. மூங்கில் புதரிலிருந்து ஒருவரும் வரவில்லை. அன்றும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

போர்வைக்குள் இருந்தவர்கள் வளர்ந்தார்கள். தோல் விரிந்தது, பருத்தது. மாட்டிக்கொண்ட நாக்கு நுனிகள் காய்ந்து இறுகி முள்ளாயின. உள்ளே முதலில் எல்லாக் குரல்களும் கேட்டன. போகப் போகக் கொஞ்சம் குறைந்தன. ஒரு நாள் பலா காது கொடுத்துக் கேட்டபோது, முன்பு கேட்டதில் பாதிதான் கேட்டது.

"மத்தவங்க எங்க?" என்றாள்.

"இருக்காங்கம்மா," என்றது ஒரு குரல், யோசித்துவிட்டு.

தூங்குகிறார்கள் என்று பலா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்காமல் அவள் வேறென்ன செய்வாள்?

ஒரு நாள் நிஜமாகவே கரடி வந்தது. வந்ததும் இரண்டு கையாலும் அந்தப் பெரிய காயைக் கட்டிப்பிடித்தது. அடுத்த நொடி அலறிக்கொண்டு கையை உதறியது.

"ஏ பலா! பிள்ளை பெத்தியா, முள்ளம்பன்றி பெத்தியா?"

உள்ளங்கையை நக்கிக்கொண்டே அது நொண்டி நொண்டிப் போனது. குரங்குகளும் வந்து பார்த்தன. மந்தி ஒரு முள்ளைத் தொட்டுவிட்டு, "இதெல்லாம் நமக்கு ஆகாது," என்று கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

மாமரத்துக்கே ஆச்சரியம். "கெட்டிக்காரிடி நீ. எவ்வளவு பெரிசு! நான் கனவுலகூட இப்படிப் பெத்ததில்ல."

"சொன்னேன்ல அக்கா," என்றாள் பலா. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கிளைகளைத் தளர்த்தி, அந்த வருஷத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினாள்.

பழம் பழுத்தது. மலை முழுக்க மணம். கனம் தாங்காமல் ஒரு மதியம் காம்பு அறுந்தது. பழம் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

பலா குனிந்து பார்த்தாள்.

தண்டைச் சுற்றி, தங்க நிறத்தில், கொழுகொழுவென்று சுளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டை. அவளுடைய பிள்ளைகள்! ஆனால் ஒவ்வொரு சுளைக்கும் நடுவில், நெருக்கமாக, வெளுத்துப்போய், நூல் மாதிரி, நாடா மாதிரி... என்ன அது? அவளுக்கு முதலில் புரியவில்லை. ஏதோ பூச்சி வந்து கூடு கட்டியிருக்கிறது என்று நினைத்தாள். கிளையைத் தாழ்த்திக் கிட்டத்தில் பார்த்தாள். அந்த நார் ஒவ்வொன்றும் ஒரு முனையில் தண்டைப் பிடித்திருந்தது. மறுமுனையில் தோலின் முள்ளைப் பிடித்திருந்தது. சுளைகள் உட்கார்ந்திருந்தது போலவே, அவள் உட்கார வைத்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"யாரு இது?" என்றாள். மறுபடியும் கேட்டாள். "யாரு இவங்க?"

சுளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அவங்கதாம்மா," என்றது ஒரு சுளை. "தூள் வராதவங்க."

"யாரு பண்ணினது? கரடியா? மந்தி கையை விட்டாளா? சொல்லுங்க, யாரு உள்ள வந்தது?"

"யாருமே வரலம்மா."

பலா, தான் மூடிய துளைகள் இருந்த தோலைப் பார்த்தாள்.

"வலிச்சுதா அவங்களுக்கு?" என்று கேட்டாள் பலா.

"தெரியலம்மா. கொட்டை பிடிக்கலன்னு தெரிஞ்சதும் அவங்க இடத்தையெல்லாம் எங்களுக்கு விட்டுக் குடுத்துட்டாங்க. மெலிஞ்சு மெலிஞ்சு எங்களைச் சுத்திக்கிட்டாங்க. இப்ப விழுந்தோமே, எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்ல. அவங்க நடுவுல இருந்தாங்க."

பலாவின் உடம்புக்குள் எங்கோ எதுவோ உடைந்தது. காம்பு அறுந்த இடத்திலிருந்து, பட்டையிலிருந்து, இலைக்காம்பிலிருந்து, வெள்ளையாக, கெட்டியாகப் பால் வழியத் தொடங்கியது. அதுவரை அவளிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அது தரையில் கிடந்த பழத்தின் மேல் சொட்டி, தோலில் பரவி, தண்டில் பரவி, பட்ட இடமெல்லாம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பக்கமாகக் கிழங்கு தோண்ட வந்த ஒரு பெண் மணம் பிடித்து அங்கே வந்தாள். பெயர் சீரங்காயி. இடுப்பில் கைக்குழந்தையைத் துணியால் கட்டியிருந்தாள். முந்தின நாளிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பழத்தைப் பார்த்ததும் உட்கார்ந்து, வெறுங்கையை உள்ளே விட்டாள்.

பால் கையெல்லாம் அப்பி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

உதறினாள், போகவில்லை. இலையால் துடைத்தாள், இலையும் ஒட்டிக்கொண்டது. ஓடைக்கு ஓடிப்போய்க் கழுவினாள். தண்ணீர் பட்டதும் அது இன்னும் இறுகியது. பயந்துபோய்த் திரும்பி வந்து மரத்தின் முன்னால் நின்றாள்.

"ஆத்தா, என் கையை விடு ஆத்தா. பசியில தொட்டுட்டேன்."

"விடமாட்டேன்," என்றாள் பலா. "வர்றவங்க எல்லாம் ஒரு கடி கடிச்சுத் தூக்கிப் போட்டுட்டுப் போறீங்க. யாரைத் தொடறோம்னு ஒருத்தரும் பாக்கறதில்ல."

தாயின் குரல் நடுங்கியதைக் கேட்டுக் குழந்தை வீறிட்டது. சீரங்காயி தன்னை மறந்து, ஒட்டிக்கிடந்த அந்தக் கையாலேயே குழந்தையின் உச்சந்தலையைத் தடவினாள். "இல்ல சாமி, இல்ல, ஒண்ணுமில்ல."

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டன. பால் உருண்டு திரண்டு உதிர்ந்தது.

சீரங்காயி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பலாவும் பார்த்தாள்.

"உன் கையில என்ன பூசியிருக்க?"

"நான் ஒண்ணும் பூசல ஆத்தா. பிள்ளை தலையில ஆமணக்கெண்ணெய். உச்சி காஞ்சிடக்கூடாதுன்னு தினம் வைப்பேன்."

பலா கொஞ்ச நேரம் அந்த எண்ணெய்த் தலையையே பார்த்தாள். "அப்ப எடுத்துக்கோ," என்றாள். "சுளையைத் தின்னு. கொட்டையை மட்டும் நல்ல மண்ணாப் பாத்துப் போடு."

சீரங்காயி குழந்தையின் தலையிலிருந்த எண்ணெயை இரண்டு கையிலும் தடவிக்கொண்டு சுளைகளை எடுத்தாள். தின்றாள், குழந்தையின் நாக்கிலும் சாற்றைத் தடவினாள். கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டாள். நாரை மட்டும் பிய்த்து வீசப்போனாள்.

"அவங்களும் என் பிள்ளைகதான்," என்றாள் பலா.

சீரங்காயியின் கை அப்படியே நின்றது. "இதுக்குக் கொட்டையே இல்லையே ஆத்தா."

"நான் கதவை மூடிட்டேன்."

"ஏன் ஆத்தா?"

"சத்தம் கேட்டுச்சு."

சீரங்காயி கையிலிருந்த நாரைப் பார்த்தாள். அவளுடைய மறுகை, அவளுக்கே தெரியாமல், இடுப்புத் துணியை இன்னும் ஒரு முடிச்சு இறுக்கியது. குழந்தை முனகியது. "திறந்தே வச்சிருந்தா?" என்று மெல்லக் கேட்டாள்.

"அன்னைக்குன்னு பாத்துக் கரடி வந்திருந்தா?"

"ஆமா," என்றாள் சீரங்காயி. "அதுவும் வந்திருக்கும்தான்."

சீரங்காயி நாரை வீசாமல் மரத்தின் தூரிலேயே குவித்து வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் நின்று, முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினாள். நாலு எட்டு வைத்து, மறுபடியும் இறுக்கினாள்.

அடுத்த பூக்காலத்தில் பலா பிள்ளைகளிடம் சொன்னாள்: "இந்தத் தடவை பொழுது சாயறவரைக்கும் மூடவே மாட்டேன். சத்தியம்." நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். ஈ வந்தது, நாக்குகள் நீண்டன, சிரிப்புச் சத்தம் கேட்டது. பலா எல்லா இலைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பொறுத்து, பொறுத்து, போன தடவையைவிட வெகுநேரம் பொறுத்தாள். பிறகு எங்கோ ஒரு சுள்ளி முறிந்தது.

பலாப்பழம் அறுக்குமுன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அது அந்த மதியம் தொட்டு வந்த வழக்கம்தான். எண்ணெய் வாசனை இல்லாத கையைப் பலா இன்றுவரை விடுவதில்லை. சுளைகளுக்கு நடுவே நார் இருப்பதும் அன்று தொடங்கியதுதான். பிளந்து பார்க்கும்போது சுளை நிறைய இருந்தால், அந்தப் பழத்துக்காக அவள் நெடுநேரம் தைரியமாக நின்றிருக்கிறாள். நார் நிறைய இருந்தால், பாவம், அவளுக்குச் சீக்கிரமே ஏதோ சத்தம் கேட்டுவிட்டது.